ஜூன் பனியில் குங்ஸ்லேடன்: அபிஸ்கோ முதல் நிக்காலுவோக்தா வரை முழுமையான வழிகாட்டி

ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வடக்கே இருக்கிறது அபிஸ்கோ. அங்கே தொடங்கித் தெற்கே ஹெமாவன் வரை சுமார் 440 கி.மீ. நீளும் நடைபாதைதான் குங்ஸ்லேடன். அதன் வட பகுதியில் சிங்கி குடில் வரை நடந்து, பின் கிழக்கே திரும்பி, கெப்னெகைசே மலையடிவாரம் வழியாக நிக்காலுவோக்தாவில் முடித்தால் 105 கி.மீ. ஆகிறது. ஜூலை, ஆகஸ்டில் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரோடு நடக்கிற பாதை இது. 12 முதல் 20 கி.மீ.க்கு ஒரு குடில் உண்டு. பெரிய ஆறுகளுக்குப் பாலம் உண்டு.

ஜூன் முதல் மூன்று வாரங்களில் நிலைமையே வேறு. பள்ளத்தாக்குகளில் பாதி வெண்பனி, மீதி சேறு. ஓடைகள் கரை புரள்கின்றன. ஏரிகளின் மேலே பனிக்கட்டி இருக்கும், ஆனால் நம்ப முடியாது. குடில்கள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். இந்த நடைக்குக் கால் வலுவைவிட நேரக் கணக்குதான் முக்கியம். எந்தத் தேதியில் கிளம்புகிறோம், ஒரு நாளின் எந்த மணியில் நடக்கிறோம் என்ற இரண்டும் சரியாக அமைந்தால் மற்றதையெல்லாம் சமாளிக்கலாம். இவை தவறினால் எவ்வளவு விலையுயர்ந்த பூட்ஸும் உதவாது.

தேதியை முடிவு செய்வது

மே மாதம் முழுக்கவும் ஜூன் முதல் வாரமும் நடைக்கு ஆகாத காலம். அப்போது பனிச்சறுக்குக்கும் பனி போதாது, நடக்கவும் தரை வெளிப்பட்டிருக்காது. ரெயின்டீர் மான்கள் கன்று ஈனும் பருவமும் அதுவே. சினை மான்களை விரட்டினால் அவற்றை வளர்க்கும் வடக்கத்திய பழங்குடியினரான சாமி மக்களின் பிழைப்பையே கெடுத்ததாகும். ஜூன் 10 முதல் 20 வரை அனுபவமுள்ளவர்களுக்கு மட்டும் உகந்தது. ஜூன் 20க்குப் பிறகு, பனியில் பழகாத ஆனால் நல்ல உடல்தகுதி உள்ளவர்களும் துணையோடு போகலாம். குளிர்காலப் பனி குறைவாக இருந்து மே மாதம் வெதுவெதுப்பாகவும் இருந்தால் இந்தத் தேதிகள் ஒரு வாரம் முன்னே நகரும். தாமதமான ஆண்டில் இரண்டு வாரம்கூடப் பின்னே தள்ளும்.

ஆகவே, நாள்காட்டியை நம்பாமல் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் கோப்பர்நிக்கஸ் உலாவி என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த வட அட்சரேகையில் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்படம் வரும். சாதாரண நிறப் படத்தில் மேகமும் பனியும் ஒரே வெள்ளையாகத் தெரியும் என்பதால், பனியைத் தனி நிறத்தில் காட்டும் குறுஅகச்சிவப்புக் கலவையைத் தேர்ந்தெடுங்கள். பார்க்கவேண்டிய இடங்கள் மூன்று: ஆலெஸ்யௌரே ஏரி, ஷேக்த்யா கணவாயின் வடபுறம், சிங்கிக்கும் கெப்னெகைசேவுக்கும் இடையிலுள்ள குறுகிய பள்ளத்தாக்கு. ஏரி பளிச்சென்ற வெள்ளையிலிருந்து சாம்பல் நீலத்துக்கு மாறியிருந்தால் உருகல் முற்றிவிட்டது என்று பொருள். பள்ளத்தாக்குத் தரையில் பாதிக்கு மேல் பழுப்பாகத் தெரிந்த பிறகு டிக்கெட் எடுப்பது நல்லது. கிளம்பும் முன் அபிஸ்கோ சுற்றுலா நிலையத்தில் கேட்டால் அண்மை நிலவரம் சொல்வார்கள்.

அபிஸ்கோவைப் பார்த்து மற்ற இடங்களை எடைபோடாதீர்கள். மேற்கேயுள்ள மலைகள் மழையைத் தடுப்பதால் ஸ்வீடனிலேயே மிக வறண்ட இடங்களில் அதுவும் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ. மழையும் பனியும்தான். ரயிலை விட்டு இறங்கும்போது பிர்ச் மரங்கள் துளிர்விட்டிருக்கும், வெயில் அடிக்கும். அங்கிருந்து இரண்டே நாள் நடையில் முழங்கால் அளவு பனி காத்திருக்கும்.

நடக்கும் நேரம்

மே கடைசி வாரத்திலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அபிஸ்கோவில் சூரியன் மறைவதே இல்லை. இந்த நள்ளிரவுச் சூரியன் ஒரு நல்ல கருவி. வானம் தெளிவாக உள்ள இரவில், சூரியன் அடிவானத்தை ஒட்டித் தாழும்போது பனியின் மேற்பரப்பு வெப்பத்தை வானத்துக்கு இழந்து இறுகும். இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை அந்த மேலோடு ஆளைத் தாங்கும். மணிக்கு 3 முதல் 4 கி.மீ. வரை நடக்கலாம். காலை 10 மணிக்கு மேல் அதே பனி இளகி, ஒவ்வொரு அடிக்கும் தொடை வரை புதையும். அப்போது மணிக்கு ஒரு கிலோமீட்டர் போவதே கடினம், கணுக்கால் சுளுக்கவும் வாய்ப்பு அதிகம்.

மேகம் மூடிய இரவில் இந்தக் கணக்குப் பலிக்காது. மேகம் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதால் காற்றின் வெப்பநிலை 1 பாகையாக இருந்தாலும் பனி இறுகாது. இதற்கு ஒரு சோதனை உண்டு. இரவு 11 மணிக்குக் கூடாரத்துக்கு வெளியே பனிமேல் குதிகாலை ஊன்றி முழு எடையையும் போடுங்கள். இரண்டு செ.மீ.க்குள் நின்றால் கிளம்பலாம். கணுக்காலுக்கு மேல் புதைந்தால் திரும்பப் படுத்து இரண்டு மணிக்கு மறுபடி பாருங்கள். இரண்டு இரவு தொடர்ந்து மேகமாக இருந்தால் ஒரு நாள் தங்கிவிடுவது மேல். உணவில் கூடுதல் நாட்கள் சேர்ப்பது இதற்காகத்தான்.

ஓடைகளின் போக்கும் இதே கடிகாரத்தைத்தான் பின்பற்றுகிறது. பகலில் உருகும் நீர் பிற்பகல் தொடங்கி இரவு 9 மணி வரை ஓடைகளை நிரப்பும். அதிகாலை 3 முதல் 7 வரை நீர் மட்டம் மிகக் குறைவு. ஆகவே இரவு நடை பனிக்கும் நல்லது, நீருக்கும் நல்லது. தூங்குவதற்குக் கண்பட்டை கட்டாயம். பகலில் வெயிலில் கூடாரம் வெந்து போகும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிவப்புப் பெருக்கல் குறிகளை நம்பாதீர்கள்

வெண்பனி மூடிய பள்ளத்தாக்கில் கண்ணுக்குத் தெரிவது உயரமான கம்பங்களில் மாட்டிய சிவப்புப் பெருக்கல் குறிகள் மட்டுமே. புதிதாக வருபவர் எவரும் அவற்றைப் பிடித்துக்கொண்டு போவார். அவை குளிர்காலப் பாதையின் அடையாளங்கள், பனிச்சறுக்குக்காரர்களுக்கும் பனி ஸ்கூட்டர்களுக்கும் வைத்தவை. ஏரிகளின் மேலும் சதுப்பின் மேலும் ஆற்றுப் படுகையின் மேலும் நேராகப் போகும். மார்ச்சில் அங்கே தடித்த பனிக்கட்டி இருக்கும். ஜூனில் அதே இடம் சவக்குழி.

கோடைப்பாதைக்குச் சிவப்புச் சாயம் பூசிய கற்களும் சிறு கற்குவியல்களும்தான் அடையாளம். அவை பனிக்கடியில் கிடக்கும். எனவே 1:100,000 அளவுள்ள மலை வரைபடத் தாள், திசைகாட்டி, கோடைப்பாதையின் கோட்டைப் பதிவு செய்த ஜிபிஎஸ் ஆகிய மூன்றும் வேண்டும். கைப்பேசி மட்டும் போதாது. குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், ஈர விரலுக்குத் திரை இணங்காது. பெருக்கல் குறி வரிசை நிலத்தின்மேல் போகும்வரை திசைக்கு உதவும். அது ஏரியை நோக்கித் திரும்பிய கணமே விட்டுவிடுங்கள்.

பனிக்கட்டி இன்னும் திடமாகத் தெரிகிறதே என்று தோன்றும். உருகும் பனிக்கட்டி செங்குத்துப் படிகங்களாகப் பிரிந்து நிற்கும். அரை மீட்டர் கனம் இருந்தாலும் கோல் குத்தினால் பொலபொலவென உதிரும். ஏரியின் மேல் நடப்பது ஜூனில் எந்த நிலையிலும் கூடாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை

சுமை கூடக் கூடப் பனியின் மேலோடு தாங்காது, மொத்தம் 18 கிலோவைத் தாண்டாமல் கட்டுங்கள்.

பூட்ஸ் கணுக்கால் மூடியதாக, விறைப்பான அடியோடு இருக்கட்டும். நீர்புகாத் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டாம் நாள் நனையத்தான் போகிறது. அதனால் கவனத்தைக் காலுறைகளில் வையுங்கள்: நடக்க இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, ஓடைக்கும் சேற்றுப்பனிக்கும் ஒரு ஜோடி நியோப்ரீன் (ஈரத்திலும் சூடு காக்கும் ரப்பர்) காலுறை, தூங்க மட்டுமே ஒரு தடித்த ஜோடி. கடைசி ஜோடியை நீர்புகாப் பையில் கட்டி, கூடாரத்துக்கு வெளியே எடுக்கவே கூடாது. பூட்ஸுக்குள் பனி புகாமல் தடுக்க முழங்கால் வரை கெய்ட்டர் உறை வேண்டும்.

அகன்ற வட்டு பொருத்திய இரண்டு ஊன்றுகோல், இறுகிய சரிவில் வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் சங்கிலி முள் அட்டை. பனியில் புதையாமல் நடக்க உதவும் அகன்ற பனிச்செருப்பு பற்றி ஆளுக்கொரு கருத்து. ஜோடி 2 கிலோ வரை எடை. ஆலெஸ்யௌரே முதல் சேல்கா குடில் வரை செயற்கைக்கோள் படத்தில் தொடர்ச்சியாக வெள்ளை தெரிந்தால் எடுத்துச் செல்லுங்கள். திட்டுத் திட்டாக இருந்தால் கழற்றி மாட்டுவதிலேயே பொழுது போய்விடும், விட்டுவிடலாம். பனிக்கோடரி பயன்படுத்தத் தெரியாதவர் அதைச் சுமப்பதில் பொருளில்லை.

கூடாரம் பலத்த காற்றைத் தாங்கும் வகை, ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 5 பாகைக்கு வசதியானது, படுக்கைப்பாய் ஆர்-மதிப்பு (தரைக் குளிரைத் தடுக்கும் அளவு) 4க்குக் குறையாதது. உடலோடு ஒட்டிக் கம்பளி, நடுவே ஒரு வெப்ப அடுக்கு, மேலே காற்றும் மழையும் புகாத மேலங்கியும் கால்சட்டையும். பருத்தி ஒரு துண்டுகூட வேண்டாம். கையுறை இரண்டு ஜோடி. பக்கமும் மூடிய கறுப்புக் கண்ணாடி, முடிந்தால் ஒரு உதிரி. பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், கீழிருந்து வரும் வெயில் மூக்கின் அடிப்பகுதியையும் நாடியின் அடியையும் சுடும். அங்கேயும் சன்ஸ்கிரீன் பூசவேண்டும் என்பது முதல் நாள் யாருக்கும் நினைவு வராது.

ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 650 முதல் 700 கிராம் உலர் உணவு, சுமார் 3,500 கலோரி. ஏழு நாள் நடை, இரண்டு நாள் இருப்பு என ஒன்பது நாளுக்குக் கட்டுங்கள். அபிஸ்கோயௌரே, ஆலெஸ்யௌரே, சேல்கா குடில்களில் சிறு கடை உண்டு, ஷேக்த்யாவிலும் சிங்கியிலும் இல்லை. ஆனால் குடில்கள் வழக்கமாக ஜூன் நடுப்பகுதிக்கு மேல்தான் திறக்கும். திறப்புத் தேதியை ஸ்வீடன் சுற்றுலாச் சங்கத்தின் தளத்தில் பார்க்காமல் கடையை நம்பக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியும் பாலும் சேர்ந்த பொருட்களைக் கொண்டுவர முடியாது, பால்பவுடரும் அதில் அடங்கும். எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், கிருனா நகரில் வாங்கிக்கொள்ளலாம். இருவருக்கு 450 கிராம் குப்பி ஒன்றும் 230 கிராம் ஒன்றும் போதும். எங்கும் நீர் ஓடுவதால் பனியை உருக்க எரிபொருள் செலவாகாது.

சாதாரண நிலையில் பூட்டிய குடில்களிலும் ஆபத்துக்கால அறை ஒன்று திறந்தே இருக்கும். புயலிலோ காயத்திலோ ஒதுங்குவதற்கு அது. முன்கூட்டியே அங்கே இரவு தங்கத் திட்டமிடுவது முறையல்ல. பயன்படுத்தினால் அறிவிப்பில் உள்ளபடி கட்டணம் செலுத்தவேண்டும்.

பாதை

அபிஸ்கோவில் இரண்டு ரயில் நிலையங்கள் இருப்பதால், சுற்றுலா நிலையத்தின் பெயருள்ளதில் இறங்குங்கள். அங்கிருந்து அபிஸ்கோயௌரே 15 கி.மீ., தேசியப் பூங்காவுக்குள் பிர்ச் காட்டு வழி. ஜூன் நடுவில் பெரும்பாலும் பனியற்றது, இந்தக் கட்டத்தைப் பகலில் நடக்கலாம். 1909இல் அமைந்த இந்தப் பூங்காவுக்குள் குறித்த இடங்களில் மட்டுமே கூடாரம் அடிக்கலாம்.

அடுத்தது ஆலெஸ்யௌரே, 20 கி.மீ. முதல் பகுதியில் மரங்களை விட்டு ஏறி, 500 மீட்டரிலிருந்து 800 மீட்டர் வாக்கில் திறந்த மேட்டுக்கு வருவீர்கள். தொடர்ச்சியான பனி இங்கேதான் ஆரம்பிக்கும். அதன்பின் ஏரித் தொடரின் ஓரமாகவே பாதை போகும். கரையை ஒட்டிய பனி நீருக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால் 20 மீட்டராவது மேலே ஏறி நடங்கள். கோடையில் இந்த ஏரியில் ஓடும் படகு அப்போது இருக்காது. இந்தக் கட்டத்தை ஒரே இரவில் முடிக்கவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், காய்ந்த மேட்டில் கூடாரம் போட்டு இரண்டாகப் பிரிக்கலாம்.

ஆலெஸ்யௌரேயிலிருந்து 13 கி.மீ.யில் ஷேக்த்யா குடில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில். இந்தக் கட்டத்தில் பனிப்பாலங்கள் அதிகம். பனிப்போர்வையில் நீண்ட பள்ளமாக அமிழ்ந்த கோடு தெரிந்தால் கீழே ஓடை ஓடுகிறது. காதைத் தாழ்த்திக் கேளுங்கள், கோலை ஆழமாகக் குத்திப் பாருங்கள். பனி தட்டையாக, ஒரு மீட்டருக்கு மேல் கனமாக, நிறம் மாறாமல் இருந்தால் ஒருவர் ஒருவராக, முதுகுப்பையின் இடுப்பு வாரை அவிழ்த்துக்கொண்டு கடக்கலாம். நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது நீரில் ஊறிவிட்டது, வேறு இடம் தேடுங்கள். பெரிய பாறைகளைச் சுற்றியும் பனி உள்ளே குடைந்திருக்கும். பாறை வெயிலில் சூடாவதே காரணம். தனிப் பாறைக்கு ஒரு மீட்டர் தள்ளியே போங்கள்.

ஷேக்த்யா கணவாய் சுமார் 1,150 மீட்டர், குங்ஸ்லேடனின் உச்சப் புள்ளி. வடபுறச் சரிவில் ஜூலையிலும் பனி கிடக்கும். உச்சியில் சிறு ஒதுங்கிடம் ஒன்று உண்டு. குடிலிலிருந்து அதிகாலை ஒரு மணிக்குக் கிளம்பி நான்கு மணிக்குள் உச்சியைத் தொடுவது சரியான திட்டம். தெற்கே இறங்கும் சரிவு செங்குத்து, காலை வெயில் ஏற ஏற இளகும். மிகச் சீக்கிரம் வந்தால் கண்ணாடிபோல் இறுகியிருக்கும், தாமதித்தால் ஈரப்பனிச்சரிவு அபாயம். இறுகல் விலகத் தொடங்கும் அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்கு வேண்டியது, ஒதுங்கிடத்தில் உட்கார்ந்து அதற்குக் காத்திருங்கள். விளிம்பில் பனி வெளியே நீண்டு தொங்குகிறதா என்று பக்கவாட்டிலிருந்து பார்த்தபிறகே இறங்கவும். கணவாயைக் கடக்கத் தகுந்த நிலை இல்லையென்றால் வந்த வழியே அபிஸ்கோவுக்குத் திரும்புவதுதான் முடிவு. அதற்கான உணவு இருக்கிறதா என்பதை ஷேக்த்யாவில் எண்ணிப் பாருங்கள்.

கீழே இறங்கியதும் அகன்ற பள்ளத்தாக்கு. ஷேக்த்யாவிலிருந்து சேல்கா 12 கி.மீ., அங்கிருந்து சிங்கி 12 கி.மீ. இடையே குவோபெர்யோக்கா என்ற ஒதுங்கிடம் இருக்கிறது. திட்டுப்பனி, சேறு, ஓடை என்று மாறி மாறி வரும், வேகம் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

சிங்கியில் கிழக்கே திரும்பிக் கெப்னெகைசே மலை நிலையம் 14 கி.மீ. இருபுறமும் செங்குத்தான சுவர்கள். பகலில் மேலிருந்து கல்லும் ஈரப்பனியும் விழும். புதிதாக விழுந்த பனிக்குவியல் பாதையில் கிடந்தால் அந்த இடத்தில் நின்று ஓய்வெடுக்காதீர்கள், இடைவெளி விட்டு ஒவ்வொருவராக விரைந்து கடங்கள். ஓடைத் தடங்களில் நீர் ஊறிய பனி சேறாகப் பாயும் ஆபத்தும் உண்டு. அது 10 பாகைக்கும் குறைந்த சரிவிலேயே கிளம்பும் என்பதால் சாதுவாகத் தெரியும் ஓடைவாயில் கூடாரம் அடிக்கக்கூடாது. அபிஸ்கோவுக்கு மேற்கேயுள்ள கேர்க்கெவாக்கே பள்ளத்தாக்கில் ஸ்வீடன் புவியியலாளர் ஆண்டர்ஸ் ராப் 1950களில் செய்த ஆய்வுகளால் இந்தப் பாய்ச்சல் அறிவியல் உலகில் பெயர்பெற்றது.

ஓடையில் இறங்குமுன்

பெரிய ஆறுகளுக்குப் பாலம் உண்டு. பெயரில்லாத சிற்றோடைகளே தொந்தரவு. குறுகலான இடத்தில் நீர் ஆழம், வேகம். அகலமாகப் பிரிந்து ஓடும் இடமே கடக்க ஏற்றது, சில நூறு மீட்டர் மேலே நடந்து தேடினால் கிடைக்கும். இறங்கும் இடத்துக்குக் கீழே நீர்வீழ்ச்சியோ பனிப்பாலமோ இருந்தால் அங்கே வேண்டாம். தவறி விழுபவர் பனிக்கடியில் இழுத்துச் செல்லப்படுவார்.

நியோப்ரீன் காலுறையோடு இரண்டாவது செருப்பு அல்லது பூட்ஸ் அணியுங்கள், வெறுங்கால் கூடாது. 0 பாகையை ஒட்டிய குளிர்நீரில் அரை நிமிடத்தில் பாதம் மரத்துப்போகும், எங்கே ஊன்றுகிறோம் என்றே தெரியாது. நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கோலை முன்னே ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு ஊன்றலை மட்டும் நகர்த்தி, சற்றுக் கீழ்நோக்கிச் சாய்வாகக் கடக்கவும். வேகமான நீர் முழங்காலைத் தொட்டால் அதுவே எல்லை. அதற்கு மேல் என்றால் கூடாரத்தைப் போட்டு அதிகாலை வரை காத்திருங்கள், மட்டம் பெரும்பாலும் இறங்கும்.

உடம்பு

இங்கே அதிகம் ஆளை வீழ்த்துவது கடுங்குளிரல்ல. 3 பாகை வெப்பம், தூறல், காற்று மூன்றும் சேர்ந்த நாள்தான். மைனஸ் 10இல் உலர்ந்த உடம்பைவிட அது மோசம். பேச்சு குழறினால், ஜிப் போட விரல் வரவில்லையென்றால், அப்போதே நிறுத்தி, ஈரத்தைக் கழற்றி, ஸ்லீப்பிங் பேக்கில் படுக்கவைத்து, இனிப்பான சூடான பானம் கொடுங்கள். பனிக்குருடு வெயிலில் நடந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். கண்ணில் மணல் விழுந்ததுபோல இருக்கும், நீர் கொட்டும். கண்ணை மூடி இருட்டில் ஓரிரு நாள் இருந்தால் சரியாகும், அந்த நாட்களில் நடக்க முடியாது. ஈரக் காலோடு தூங்கினால் மூன்றாம் நாள் தோல் வெளுத்துப் பிளக்கும். தினமும் எட்டு மணி நேரமாவது காய்ந்த காலுறையில் பாதம் இருக்கட்டும். கொசு மட்டும் ஜூன் முற்பாதியில் இல்லை, அது ஒரு லாபம்.

பாதையின் பெரும்பகுதியில் கைப்பேசிச் சமிக்ஞை கிடையாது. செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்று குழுவுக்கு வேண்டும். பல குடில்களில் அவசரத் தொலைபேசி உண்டு. அவசர எண் 112, மலை மீட்புப் பணி காவல்துறையின் கீழ் வருகிறது. எந்த நாள் எங்கே இருப்பீர்கள், எந்த மணிக்குமேல் தகவல் இல்லையென்றால் தேடச் சொல்லவேண்டும் என்பதை எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள்.

கெப்னெகைசேவிலிருந்து நிக்காலுவோக்தா 19 கி.மீ. மீண்டும் பிர்ச் காடு, அகலமான பாதை, சதுப்பில் பலகை நடை. பனி இல்லையென்பதால் பகலில் நடக்கலாம். வழியிலுள்ள லாட்யோயௌரே ஏரிப் படகு ஓடத் தொடங்கியிருந்தால் ஆறு கி.மீ. வாக்கில் மிச்சம், ஆனால் ஜூனில் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நிக்காலுவோக்தாவிலிருந்து கிருனாவுக்குச் சாலை வழி சுமார் 65 கி.மீ. பருவப் பேருந்து எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதைக் கிளம்பும் முன்னரே பார்த்துவிடுங்கள். தொடங்காத நாளென்றால் கிருனாவிலேயே வாடகைக் காரை ஏற்பாடு செய்து, இரண்டு நாள் முன்பின் ஆகலாம் என்றும் சொல்லி வையுங்கள். விமான டிக்கெட்டை அதற்கும் ஒரு நாள் தள்ளியே எடுக்கவேண்டும்.